சிவப்புப் புள்ளி வைத்த பிளக்

எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவரை எனக்குப் பிடிக்காது. பதினோரு வருடமாகப் பிடிக்காது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாடகர் குழுவையும் எட்டாம் வகுப்பு போலவே நடத்துவார். ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் பாட்டை நிறுத்தி, வந்தவர் உட்காரும் வரை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைப்பார். நான் தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். ஐந்து மணிக்கு லேபைப் பூட்டிவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாலும் தாமதமாகும். அப்படி எத்தனை முறை அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை.

அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதற்குக் காரணம் என் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்.

அது வால்வு ஆம்ப்ளிஃபயர். மலேயாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. அதிராம்பட்டினத்தில் அவர் வீட்டு அலமாரி மேல் பல வருடம் துணி மூடிக் கிடந்ததை, என் இருபத்து மூன்றாவது வயதில் வாங்கிவந்தேன். கடல்காற்றில் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. ஆனால் சுவிட்சைப் போட்டு, வால்வுகள் செக்கச்செவேலென்று சூடாகும் வரை ஒரு நிமிடம் காத்திருந்து, கிட்டார் கம்பியை ஒரே ஒரு தரம் மீட்டியபோது நான் அந்த வீட்டுக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெல்லத் தொட்டால் மணி போல ஒலித்தது. அழுத்தித் தொட்டால் தொண்டை கட்டிய பாடகர் உச்சத்தில் பாடுவது போல ஓரம் கிழிந்தது. விரலில் இருப்பது அப்படியே வெளியே வந்தது.

அதைத் தூக்கி அலைய முடியாது. ஆளை முறிக்கிற கனம். அதனால் கோயிலின் பக்கத்து அறையில்தான் இருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு அங்கிருந்து நகர்த்திப் பீடத்துக்கு இடப்புறம் வைப்போம்.

அதில் ஒரு இரைச்சல் உண்டு. பழைய வால்வுப் பெட்டிகளில் அது சகஜம். தலைவருக்கு ஆகாது. ஜெப நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அவர் மட்டும் திறந்து என்னைப் பார்ப்பார். "அதுல வண்டு ஏதும் பூந்துருக்காம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அவர் வாங்கி வைத்திருந்த கீபோர்டு தானே தாளம் போடும், தானே வயலின் வாசிக்கும். அந்தக் கீபோர்டைப் பற்றி நான் சொன்னதையும் இங்கே எழுதலாம். எழுத வேண்டாம்.

நான் அந்தப் பெட்டிக்குள் யாரையும் கைவைக்க விட்டதில்லை. கரப்பான் பூச்சி முட்டைகளைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் ஊரெல்லாம் பறக்கிற வைக்கோல் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியிருக்கிறேன். ஒருமுறை எலி ஸ்பீக்கரின் காகிதக் கோனில் ஓட்டை போட்டபோது, பழைய பாட்டுப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளைக் கிழித்து, பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டினேன். ஆனால் உள்ளே ஒரு கண்டன்சரைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அந்தக் குரல் போய்விடும் என்று நம்பினேன். யார் கேட்டாலும் அதையே சொன்னேன்.

இரண்டு வருடம் முன்பு, கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக்கில் உதடு பட்டபோது சுருக்கென்றது. மின்கசிவு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கரண்ட் வருகிற வயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டன்சர் வைத்திருப்பார்கள். அது கெட்டால் சட்டத்திலேயே கரண்ட் ஏறும். பிளக்கில் இரண்டு பின்தான், எர்த் கிடையாது. ஆனால் பிளக்கைத் திருப்பிச் செருகினால் கசிவு நின்றுவிடும். எந்தப் பக்கம் சரி என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு எர்த் எதற்கு என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. பீடத்தைச் சுற்றி நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், கரும்பு, பூசணி என்று குவித்திருந்தார்கள். இடம் போதாமல் எங்கள் சாமான்களை எல்லாம் தள்ளி வைத்திருந்தார்கள். நான் போனபோது ஆம்ப்ளிஃபயரின் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. கோயில் பணியாளர் செருகிவிட்டார். நான் குனிந்து பிளக்கைப் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டில் இரைச்சல் கூடியது. தலைவர் கையைக் கீழே கீழே என்று காட்டினார். நான் இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் மைக் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தவள் எங்கள் குழுவின் நல்ல குரல். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் எனக்கு உதவுவதாக நினைத்து, பாடியபடியே, சத்தத்தைக் குறைக்க இடது கையை நீட்டி ஆம்ப்ளிஃபயரின் இரும்பு முகப்பைத் தொட்டாள்.

அலறல் இல்லை. பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. அவள் பின்னால் போய் வாழைத்தார் மேல் விழுந்தாள். மைக் அவள் கையை விட்டுப் பிரிந்து தரையில் உருண்டு ஸ்பீக்கர்களில் இடி போலக் கேட்டது. மூச்சு இருந்தது. உதட்டிலும் விரல் நுனியிலும் வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்றைக்குக் கோயில் வாசலில் எல்லாரும் கூடி நின்றபோது நான் சொன்னது இது: "காய்கறியெல்லாம் கழுவி வச்சுட்டு ஈரக் கையோட வந்துட்டா. ஈரக் கையோட தொட்டா எதுதான் ஷாக் அடிக்காது?"

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அப்பாவுக்குத் திருச்சியில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்த சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனால் ஆம்ப்ளிஃபயர் பளபளவென்று நின்றது. முன்பக்கத் துணி புதிது. குமிழ்கள் புதிது. பின்னால் த்ரீ பின் வயர் புதிது.

"சர்வீஸ் பண்ணியாச்சும்மா" என்றார் தலைவர். "தாராசுரத்துல நல்ல மெக்கானிக். உள்ள இருந்த பழசெல்லாம் எடுத்துட்டு ஃபுல்லா புதுசு போடச் சொல்லிட்டேன். சத்தமே இல்ல பாருங்க."

இரைச்சல் இல்லை. சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கிட்டாரைச் செருகி மீட்டினேன். ஒலி வந்தது. சுத்தமாக வந்தது, நான் மூன்று வாரம் நடந்த ஆஸ்பத்திரி வராந்தா போல. மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே முகம். இருபத்து நான்கு வருடம் எனக்குப் பதில் சொன்ன பெட்டி, யாரோ அந்நியர் வீட்டுக் கதவைத் திறந்து "யார் வேணும்?" என்று கேட்பது போல நின்றது.

"என்னோட பொருள் சார் இது" என்றேன்.

"கோயில்ல இருக்குறது கோயிலோட பொறுப்பும்மா."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." கீபோர்டைத் தட்டி, "முதல் பாட்டு" என்றார்.

அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. நான்கு பேரைப் பிடித்துப் பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் ஆராதனைக்குப் போகாமல் தாராசுரத்துக்குப் போனேன்.

மெக்கானிக்கின் கடை ஒரு நெசவுத் தெருவின் கோடியில் இருந்தது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம். கடை முழுக்க ஊர்த் திருவிழாக்களுக்குப் போய் அடிபட்டு வந்த கூம்பு ஸ்பீக்கர்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். தலை நிமிராமல் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், "ஏங்க, இன்னும் ஹம் இரைச்சல் வருதா?" என்றார்.

"ஹம் வரல. எதுவுமே வரல. அதுக்குள்ள இருந்த ஸ்பீக்கர் எங்க?"

சுவர் ஓரமாக ஒரு மரப்பெட்டியில் ரேடியோ பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கோனின் கீழ்ப்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை ஒட்டு. என் பாட்டுப் புத்தகத் தாள்.

"அது என்னோடது."

"பழசு வேணாம், தூக்கிப் போட்டுடுங்கன்னு உங்க சார்தான் சொன்னாரு. போடுறதுக்கு மனசு வரல, எடுத்து வச்சேன். இப்ப என்ன, திருடுனேன்னு சொல்றீங்களா?"

"சொந்தக்காரங்களக் கேக்காம வச்சுக்கிட்டா அதுக்கு வேற என்ன பேருங்க?"

அவர் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார். எழுந்து உள்ளே போய் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் டமாலென்று வைத்தார். அதில் என் பெட்டியின் குடல்கள் கிடந்தன. நடுவே, வீங்கி வெடித்து, பழுப்புக் கோந்து வழிந்த மூன்று பெரிய கண்டன்சர்கள். பக்கத்தில் சுருட்டி வைத்த பழைய வயர்.

"இத எடுத்துப் பாருங்க" என்றார். ஒரு சின்னக் கண்டன்சரை மல்டிமீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே பிடித்தார். மீட்டர் கத்தியது. "ஃபுல் ஷார்ட். நேரா கரண்ட்டு சட்டத்துல ஏறும். இது சங்கீதம் வாசிக்கிற சாமானா, ஆளக் கொல்ற சாமானா?"

நான் தட்டிலிருந்து பார்வையை எடுத்தேன்.

பழைய வயரின் நுனியைத் தூக்கினார். "இந்தச் சிவப்புப் புள்ளி யாரு வச்சது?"

நான் சுவரோரப் பெட்டியைப் பார்த்தேன்.

"அந்தம்மா காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்குடுக்குறாங்கன்னு சார் சொன்னாரு. அப்ப தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்க. நான் திருடனா?"

அந்த நிமிடத்தில் எனக்கு வெட்கம் வந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள், என் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, எனக்குப் பாடம் எடுக்கிறார். "பேசி முடிச்சிட்டீங்கன்னா ஸ்பீக்கரக் கழட்டுங்க" என்றேன்.

அவர் ரேடியோவை நிறுத்தவில்லை. பாட்டு ஓடும்போதே திருகாணிகளைக் கழற்றி, வயரைப் பிடுங்கினார். ஒரு சாக்கிலிருந்து பழைய டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்து வைத்தார். தட்டில் இருந்தவற்றையும் காகிதத்தில் கொட்டிக் கொடுத்தார். மூன்று பெரிய கண்டன்சர்களையும், அந்தச் சின்னக் கண்டன்சரையும், புள்ளி வைத்த வயரையும் மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது தரமாட்டேன். போலீஸக் கூட்டிட்டு வந்தாலும் தரமாட்டேன்."

"புது ஸ்பீக்கர நீங்க வச்சுக்குங்க, அனுப்புறேன்" என்றேன்.

"அதுவா? அத நீங்களே வச்சுக்குங்க. அதுலயெல்லாம் யாரு பாட்டுக் கேப்பா?"

பஸ்ஸில் மடியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் எனக்கு இனித்தது. மற்றதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

வீட்டில் ஒரு வாரம் எதையும் தொடவில்லை. சாமான்கள் காகிதப் பொட்டலத்தில் மேசை மேல் கிடந்தன. தகரத் தட்டு டமாலென்று விழுந்த சத்தம் லேபிலும் கேட்டது. "எர்த் வயர் கலர் என்ன?" என்று ஒரு மாணவனைக் கேட்டுவிட்டு அவன் பதிலைக் கவனிக்காமல் நின்றிருந்தேன். அடுத்த சனிக்கிழமை திருவையாற்றுக்கு வண்டியைத் திருப்பினேன். அந்த ஆசிரியையின் வீடு அங்கே ஆற்றுப் பக்கம்.

கதவைத் திறந்தாள். "வாங்கக்கா" என்றாள். ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. மேலுதட்டில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு, இன்னும் சிவப்பாக.

"எப்படிம்மா இருக்க?"

"ஒரு மாசம் ஆச்சுக்கா, நீங்க கேக்க."

"அப்பாவுக்கு ஆபரேஷன்..."

"தெரியும். போன் திருச்சியிலயும் வேலை செய்யும்ல?"

நான் வாங்கிப் போன பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அதைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

"நீங்க என்னப் பாக்க வந்தீங்களா, இல்ல தப்பு உங்க மேல இல்லன்னு என் வாயால கேட்டுட்டுப் போக வந்தீங்களா?"

இதற்கு நான் தயாரித்து வந்த பதில் ஏதோ இருந்தது. அதை விட்டுவிட்டேன். "தெரியும்" என்றேன். "அதுல ஷாக் அடிக்கும்னு ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். பிளக்க ஒரு பக்கமா செருகுனா அடிக்காது. அதுக்குத்தான் சிவப்பா ஒரு புள்ளி வச்சிருந்தேன்."

"நான் அத பாத்திருக்கேன்" என்றாள் மெதுவாக. "அழகுக்கு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பிறகு, "நீங்க வாசிக்கும்போது கீழ ஒரு ரப்பர் பாய் போட்டுப்பீங்கல்ல? முழங்கால் வலின்னு சொன்னீங்க?" என்றாள்.

"முழங்கால் வலி இல்ல."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை அவளுக்கு என்மேல் மனக்கசப்புதான் இருந்தது. அந்த இடத்தில்தான் அது வெறுப்பானது. நான் வெறும் அலட்சியக்காரி இல்லை, எனக்கு மட்டும் பாய் போட்டுக்கொண்டவள் என்று அவளுக்குப் புரிந்த இடம்.

"ஈரக் கைன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே. என் வீட்டுக்காரரே கேட்டாரு, ஏன் ஈரக் கையோட தொட்டேன்னு. என் கை காஞ்சுதான்க்கா இருந்துச்சு. இப்ப எங்கிட்ட சொன்னத அங்க போய்ச் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு அப்புறம் பழம் கொண்டாங்க." கதவைச் சாத்தினாள்.

அன்று மாலையே ஒத்திகையில் சொன்னேன். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காராமல் நின்றபடியே புள்ளி, பாய், ஈரக் கை எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். அந்தக் குரலில் இருந்த நிறைவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே அவர் யூகித்திருக்கிறார். யூகித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் சரியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக அவரை வெறுத்திருக்கலாம்!

அதன்பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். இந்த முறை ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு மீட்டரை நம்புவது என்று முடிவு செய்தேன். மெக்கானிக் போட்ட பெரிய கண்டன்சர்களையும் எர்த் வயரையும் அப்படியே விட்டேன். கரண்ட்டைத் தாங்குகிற இடம் அது, அங்கே பழசுக்கு வேலையில்லை. அவர் கொடுத்த பழைய சாமான்களை ஒவ்வொன்றாக அளந்தேன். அளவு பிசகாத பழைய ரெசிஸ்டர்கள் திரும்பப் போயின. பிசகியவை குப்பைக்கு. பாட்டு கடந்து போகிற வழியில் ஒரு மஞ்சள் கண்டன்சர் உண்டு. அந்தப் பெட்டியின் தேன் எல்லாம் அதில்தான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அளந்தால் கரண்ட் ஒழுகியது. மெக்கானிக் போட்ட புதிதையே விட்டேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருபது வருடமாக நான் பெருமையாகச் சொல்லிவந்தது சுத்தப் பொய் என்று தெரிந்தபோது எரிச்சலாக இருந்தது.

பழைய டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினேன். ஒட்டுப் போட்ட ஸ்பீக்கரை மாட்டினேன். லேபிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கி வந்த டிம்மர்ஸ்டாட் கருவியில் மாட்டி, வோல்டேஜை ஒரு மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நூற்றெண்பது வோல்ட்டைத் தாண்டியதும் மீட்டினேன். வயல்களில் பம்புசெட்டெல்லாம் ஓடி வோல்டேஜ் இறங்கிக் கிடக்கிற பகல்களில் கேட்ட அதே குரல். அழுத்தினேன். ஓரம் கிழிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் வாசித்தேன். அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை வாசித்தேன்.

எந்தக் கண்டன்சரையும் மாற்றாமல் இருந்தால்தான் அந்தக் குரல் இருக்கும் என்று நான் சொல்லிவந்தது தவறு. எல்லாவற்றையும் மாற்றினாலும் இருக்கும் என்று தலைவர் நினைத்ததும் தவறு. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். போதகரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்தார். சபையே பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, ஆம்ப்ளிஃபயரின் இரும்பை நாலு இடத்தில் தொட்டுப் பார்த்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. எரியாதா என்று இன்னொரு தரம் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பாய் போட்டுக்கொள்வதில்லை.

அந்த ஆசிரியை குழுவுக்குத் திரும்பவில்லை. பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், எங்கள் எல்லாரையும்விடச் சுத்தமாகப் பாடுகிறாள். ஆராதனை முடிந்ததும் என் பக்கம் பார்க்காமல் போகிறாள். பழத்தோடு இரண்டாம் முறை போனேன். அவள் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் வெளியே வரவில்லை.

சென்ற ஞாயிறு முதல் பாட்டு முடிந்ததும் தலைவர் கீபோர்டுக்கு மேலாக எட்டி, "சவுண்டு கொஞ்சம் கம்மி பண்ணுங்கம்மா" என்றார்.

குறைத்தேன். அடுத்த பாட்டுக்குக் கூட்டினேன்.